நிறை பார்த்த பிறகு வைத்த கல்

எங்கள் தீவுப்பகுதியில் ஒருவர் வெளிநாட்டுக்குப் புறப்பட்டால் அவருடைய பெட்டி இரண்டு தரம் கட்டப்படும். முதல் தரம் தராசுக்காக. பிறகு, தராசைச் சுவரில் கொழுவிவிட்டு எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போனதும், வீட்டுத் தாய் தனியே வந்து பெட்டியைத் திறந்து கடதாசியில் மடித்த இன்னும் இரண்டு சரையை உள்ளே தள்ளுவார். இதைக் களவு என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. நான் ஊர்த் தபாற்கந்தோரில் காலம் முழுக்கப் பொதி நிறுத்தவள். நிறுத்து, முத்திரைக் கணக்கும் சொல்லி முடிந்த பிறகு, “பிள்ளை, இந்தத் தூளையும் ஒருக்கா ஓரத்தில செருகிவிடும்” என்று கேட்காத தாயை நான் கண்டதில்லை. எனக்குக் கோபம் வரும். “அப்ப தராசென்ன உங்களுக்கு விளையாட்டுச் சாமானோ?” என்று கத்துவேன். சிரிப்பார்கள். அவர்களில் அதிகம் சிரித்தவர் சீதேவி அக்கா.

சீதேவி அக்கா எனக்குப் பக்கத்து வளவு. எங்கள் ஊரான புளியங்கூடலில் அவர் வீட்டு வாசலைத் தாண்டி யாரும் வெறுங்கையோடு போனதாகச் சரித்திரம் இல்லை. மின்சார மீற்றர் பார்க்க வருகிற பெடியன்கூட முருங்கைக்காய்க் கட்டோடுதான் சைக்கிள் ஏறுவான். வேண்டாம் என்றால் விடமாட்டார். “கையில பிடியுங்கோ, பாரமே?” என்று திணிப்பார். இடம்பெயர்ந்த காலத்தில் குஞ்சு குருமனோடு உடுத்த துணியுடன் வெளிக்கிட்டவர் அவர். வழியில் பிள்ளைக்குக் கொடுக்க ஒரு பிடி மாவும் கையில் இருக்கவில்லை. அதன் பிறகுதான் இந்தக் குணம் அவரைப் பிடித்துக்கொண்டது என்று அவருடைய மனிசன் கதிர்காமு அண்ணை சொல்லுவார். திரும்பி வந்து, இடிந்த வீட்டை நிமிர்த்தி, அண்ணை புகையிலைத் தோட்டம் செய்ய, அக்கா பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலாகக் காயவைத்து விற்று, இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார்கள். மூத்தவள் பைரவி லண்டனுக்குக் கலியாணம் கட்டிப் போனாள். இளையவன் கஜரூபன் விமானம் ஓட்டப் படித்தான்.

விமானம் என்றால் நானூறு பேரை ஏற்றுகிற பெரிய விமானம் இல்லை. கொழும்பில் ஒரு முதலாளி தன் வசதிக்கு வைத்திருந்த சின்ன விமானம். மூக்கில் ஒரு காற்றாடி, உள்ளே நாலு இருக்கை, அவ்வளவுதான். முதலாளிக்கு வேலை இல்லாத நாட்களில் அதை வாடகைக்கும் விடுவார்கள். கஜரூபன்தான் அதற்கு விமானி. அவன் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, “என்னடா இது, ஓட்டோவுக்குச் செட்டை முளைச்ச மாதிரிக் கிடக்கு” என்றார் அக்கா. ஆனால் அந்தப் படத்தைக் காட்டாத வீடு ஊரில் இல்லை.

அந்த வருசம் பைரவிக்குப் பிள்ளை பிறந்தது. தலைப்பிள்ளை. பிள்ளைப்பேறு பார்க்கப் போகவென்று அக்கா விசாவுக்குப் போட்டார், மறுத்துவிட்டார்கள். மறுபடி போட்டார், மறுபடியும் மறுத்தார்கள். பெத்தவளுக்குக் காயச்சரக்கு அரைத்துக் கொடுக்கத் தாய் பக்கத்தில் இல்லை என்ற நினைப்பு அவரைத் தின்றது. மல்லி, மிளகு, மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்துக்கொண்டு, காகத்தோடு சேர்த்து விசாக் கந்தோரையும் திட்டிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில்தான் வசீகரனும் நிலாந்தியும் வந்தார்கள்.

அவர்கள் புங்குடுதீவு ஆட்கள். லண்டனில் பைரவி வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறவர்கள். நயினாதீவு அம்மனுக்கு வைத்த நேர்த்தியைத் தீர்க்க வந்திருந்தார்கள். நிலாந்திக்கு முதுகில் ஒப்பரேசன் செய்திருந்தது. வரும்போது பட்ட பாட்டில், திரும்பிப் போகக் கொழும்பு மட்டும் வீதியால் வானில் குலுங்கிக்கொண்டு இருக்க ஏலாது என்று சொல்லிவிட்டாள். கஜரூபன் ஒழுங்குபடுத்தினான். முதலாளியின் விமானத்தைப் பலாலி விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து இறக்கி, இரவு வீட்டில் தங்கி, மறுநாள் காலை இருவரையும் கொழும்புக்குக் கொண்டுபோவது என்று முடிவாகியது. அங்கிருந்து அவர்கள் பெரிய விமானத்தில் லண்டன் போவார்கள். சொந்த மண்ணில் அவன் விமானம் இறக்கியது அதுதான் முதல் தரம். கதிர்காமு அண்ணை மகனைக் கூட்டிவரப் பலாலிக்குப் போனபோது தேர்முட்டிக்குப் போகிறவர் மாதிரிப் பட்டுச் சால்வை போட்டிருந்தார்.

அன்று பின்னேரம் புங்குடுதீவிலிருந்து இருவருடைய பெட்டிகளும் வந்தன. நானும் அங்கேதான் இருந்தேன். அக்கா லண்டனுக்குக் கொடுக்கிற சாமான்களைக் கதிரையில் அடுக்கி வைத்திருந்தார். காயச்சரக்கு, சின்னமீன் கருவாடு, நல்லெண்ணெய், ஒடியல் மா. கஜரூபன் அளவாகப் பொறுக்கி வைத்தான். பெட்டியைக் கொழுக்கியில் மாட்டித் தராசைத் தூக்கி முள்ளைப் பார்த்தான். நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்றை வெளியே எடுத்தான். கருவாட்டில் பாதியை எடுத்தான். மறுபடி தூக்கினான்.

“இதுதான் எல்லை, அம்மா. இனி ஒரு தேங்காய்கூட வைக்கப்படாது.”

“லண்டன் பிளேனில ஆளுக்கு எவ்வளவு விடுறாங்கள் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. இன்னும் எவ்வளவோ இடம் கிடக்கு.”

“அது அந்தப் பிளேன். என்ரை சின்னன். பின்னுக்குப் பாரம் கூடினா எழும்பேக்க சரிவராது.”

“ஓம், ஓம்” என்றார் அக்கா.

அந்த “ஓம், ஓம்” எனக்குப் பழகியது. தபாற்கந்தோரில் நான் கத்தும்போதும் அதைத்தான் சொல்லுவார். பெரிய விமானம் ஏற்கிற நிறையைச் சின்ன விமானத்துக்காக மகன் குறைப்பது அவருக்கு வெறும் நச்சரிப்பாகத்தான் பட்டது. கொழும்பு மட்டும் எப்படியாவது போய்விட்டால் பிறகு பிரச்சினை இல்லையே என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். இந்தக் கணக்கை எங்கள் ஊரில் எந்தத் தாயும் அப்படித்தான் போட்டிருப்பாள்.

காலையில் வான் வந்தது. வசீகரனும் நிலாந்தியும் அதில் வந்து இறங்கினார்கள். நிலாந்தியின் தோளில் ஒரு கைப்பை, அவளுடைய வீட்டார் கடைசி நேரத்தில் பனங்கட்டியும் பலகாரமும் திணித்து விம்மிப்போய் இருந்தது. எல்லோரும் வானில் ஏறிப் பலாலிக்குப் போனோம். விமான நிலைய வாசலில் கஜரூபன் தாயைக் கட்டிப்பிடித்தான். அவர்கள் மூவரும் உள்ளே போக, அக்காவும் அண்ணையும் நானும் வெளியே வந்து, ஓடுபாதை முடிகிற பக்கத்து வீதியோரமாகக் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம்.

காற்றாடியின் சத்தம் முதலில் கேட்டது. பிறகு பற்றைகளுக்கு மேலால் விமானம் தெரிந்தது. நிலத்தை விட்டதும் விட்டதாய் மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. பட்டம் நூலைச் சுண்டியதும் எழும்புமே, அப்படி.

“பாரும் கோசலா, என்ர பிள்ளை எங்களுக்குக் காட்டுறான்!” என்று அக்கா கையைத் தட்டினார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். தாய் பார்க்கிறாள் என்று விளையாட்டுக் காட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். மூக்கு இன்னும் நிமிர்ந்தது. பிறகு அது அப்படியே வானத்தில் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. இடப்பக்கச் செட்டை தாழ்ந்தது. விமானம் அந்தப் பக்கமாகப் புரண்டு பனைகளுக்குப் பின்னால் போனது. அக்காவின் கைகள் இன்னும் தட்டிய நிலையிலேயே இருந்தன. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

நிலாந்தி அந்த இடத்திலேயே முடிந்துவிட்டாள். வசீகரனுக்கு விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன. கஜரூபனுக்கு இரண்டு காலும் முறிந்து, முள்ளந்தண்டிலும் அடி. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் ஒரே மாடியில் இருவரையும் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவருக்கு அங்காலே வசீகரன் பெண்சாதியின் பெயரைச் சொல்லிக் குழறுவது இங்காலே கேட்கும். கஜரூபன் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான். நித்திரை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்துத்தான் அக்கா எனக்குச் சொன்னார். என் கையைப் பிடித்த பிடியில் அவருடைய நகம் இறங்கியது.

“நான் அம்மி வைச்சனான், கோசலா.”

“என்ன அம்மி?”

“பைரவிக்கெண்டு கொத்துவிச்ச குட்டி அம்மி. குழவியும். காயச்சரக்கை மிசினில அடிச்சா குணமில்லை எண்டு... அவன் நிறுத்துப்போட்டுக் கிணத்தடிக்குப் போக, நான் பெட்டிக்கு அடியில சீலையால சுத்தி வைச்சனான். எடுத்த எண்ணெய்ப் போத்தலையும் வைச்சனான். கருவாட்டையும்.”

அந்தக் கல்லை நான் கண்டிருக்கிறேன். அதைக் குனிந்து தூக்க ஒரு ஆம்பிளைக்கே முதுகு பிடிக்கும்.

“என்ர கையால என்ர பிள்ளையை விழுத்திப்போட்டன்” என்று சொல்லிவிட்டு, தலையைச் சுவரில் இடித்தார். நான் பிடித்தேன். பிடித்த கைக்கும் மேலால் இடித்தார்.

கதிர்காமு அண்ணைக்கும் இது தெரிந்தது. அவர் அக்காவை ஏசவில்லை. பயந்தார். “வாயைத் திறவாதை” என்றார். “அந்தப் பிள்ளையின்ர கைப்பையிலயும்தானே சாமான் கிடந்தது. அவையும்தானே வைச்சவை. நீ மட்டும் ஏன் போய்த் தலையைக் குடுக்கிறாய்? செத்தவீட்டுக்காரர் எங்களைச் சும்மா விடுவினமோ?” புங்குடுதீவுக்காரர்களும் அந்தக் கைப்பையைப் பற்றி மூச்சு விடவில்லை. செத்தவீட்டுக்குப் போனபோது நான் பார்த்தேன். நிலாந்தியின் தாய் ஒரு மூலையில் இருந்து, தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துவைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழும்பிலிருந்து விசாரணைக்கு இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஒருவர் தமிழர், தலை நரைத்த, தணிந்த குரலில் பேசுகிற மனிதர். சிதறிக் கிடந்த சாமான் எல்லாவற்றையும் பொறுக்கி நிறுத்துப் பார்த்திருந்தார்கள். விமானி எழுதிக் கொடுத்த நிறைக்கும் அதற்கும் பொருந்தவில்லை. விமானத்தின் மூக்கு மண்ணுக்குள் போயிருக்கிறது, செட்டை இரண்டாக மடிந்திருக்கிறது. அம்மியில் மட்டும் ஒரு கீறலும் இல்லையாம்.

அவர் அதை விளங்கப்படுத்திய விதம் என் மனசில் நிற்கிறது. சைக்கிள் கரியரில் அளவுக்கு மிஞ்சி நெல்லுச் சாக்கை ஏற்றினால் முன்சில் தானாகக் கிளம்புமல்லவா, அப்படித்தான் இதுவும் என்றார். நிலத்தில் ஓடும்போது தெரியாது. எழும்பியதும் வால் கீழே இழுக்கும், மூக்கு மேலே போகும். விமானி எவ்வளவு தள்ளினாலும் மூக்கு இறங்காது. வேகம் விழும், செட்டையில் காற்றுப் பிடிக்காது, பிறகு ஒருபக்கமாகக் கவிழும். உயரம் இருந்தால் சமாளிக்கலாம். எழும்புகிற நேரத்தில் உயரம் இருக்காது.

“அப்ப என்ர பிள்ளையில பிழை இல்லைத்தானே ஐயா?” என்று அக்கா கேட்டார்.

“ஏத்துற நிறையை அறிஞ்சு ஏத்த வேண்டியது விமானியின்ர பொறுப்பு, அம்மா. தெரியாமல் ஏத்தினாலும் பிழைதான். ஆனா தெரிஞ்சுகொண்டு ஏத்தினவர் எண்டால் அது வேற கதை. ஒரு உயிர் போயிருக்கு.”

தெரியாமல் என்ற அந்தச் சொல்லை அக்கா இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருடைய முகத்தில் அத்தனை நாளும் இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. தன் குற்றத்தைச் சொன்னால் மகன் தப்புவான் என்று கண்டுவிட்டார். அண்ணை சீலைத் தலைப்பைப் பிடித்து இழுக்க, அதை உதறிவிட்டுக் கஜரூபனின் கட்டிலடிக்குப் போனார். விசாரணைக்காரர் இருவரும் அதற்குள் அங்கே போய்க் கேள்விகளைத் தொடங்கியிருந்தார்கள்.

“ஐயா, நான்தான் வைச்சனான்” என்றார் அக்கா. “அம்மி, குழவி, எண்ணெய், எல்லாம் நான்தான். அவன் நிறுத்த பிறகு ஒளிச்சு வைச்சனான். பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. எழுதுங்கோ. என்னைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ. அவனுக்குத் தெரியாது.”

தமிழ் அதிகாரி கஜரூபனைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். சுவருக்கு அங்காலே வசீகரன் இருமுவது கேட்டது. இருமினால் விலா நோவதால் கூடவே முனகலும் கேட்டது.

“தெரியும்” என்றான் கஜரூபன்.

“தம்பி!” என்றார் அக்கா.

“தூக்கேக்கையே தெரிஞ்சது, சேர். நான் முதல்நாள் நிறுத்த பெட்டி இல்லையெண்டு கை சொன்னது. திறந்து பாத்தனான். சீலை சுத்தின அம்மி. இறக்கி வைக்கத்தான் நினைச்சனான். அம்மா வெளியில வேலிக்கரையில நிக்கிறா. அவவுக்கு விசாவும் குடுக்கேல்லை, பைரவியக்காவுக்குக் கிட்டப் போறது அந்தக் கல்லு மட்டும்தான்... இறக்கினா ஆரிட்டைக் குடுத்து விடுறது, அவ அதைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போறதை நினைக்க ஏலாமல் இருந்தது. காத்து நல்லாக் கிடக்கு, ஓடுபாதை நீளம், சமாளிப்பன் எண்டு நினைச்சன். மூடிப்போட்டு ஏத்தினனான்.”

“நீ பொய் சொல்லுறாய், என்னைக் காப்பாத்தப் பொய் சொல்லுறாய்” என்று அக்கா அவன் வாயைப் பொத்தப் போனார்.

அவன் கையை விலக்கினான். “நிலாந்தியக்கா செத்துப் போட்டா, அம்மா. அங்கால அந்த மனிசன் கிடக்கிறார். தெரியாதெண்டு நான் என்னெண்டு சொல்லுறது?”

அதிகாரி பேனையை மூடி வைத்தார். பிறகு திறந்து எழுதினார். அக்கா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். மகனைக் காப்பாற்றவென்று வாயைத் திறந்தவர், அந்த வாயாலேயே அவனைக் காட்டிக் கொடுத்ததாகத்தான் அவருக்குப் பட்டது. நான் எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. “நான் பேசாமல் இருந்திருந்தா அவனும் பேசாமல் இருந்திருப்பான்” என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அது உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது.

பைரவி லண்டனிலிருந்து போன் எடுத்தாள். பிள்ளை பின்னால் அழுகிற சத்தம் கேட்டது. “நான் அம்மி கேட்டனானோ, அம்மா?” என்றாள். “சொல்லுங்கோ, நான் கேட்டனானோ? இஞ்ச வீட்டில கிரைண்டர் கிடக்குத் தெரியுமோ?” பிறகு அவளும் குழறினாள். அக்கா போனைக் காதில் வைத்தபடியே இருந்தார். அவள் வைத்து நெடுநேரம் ஆன பிறகும் அப்படியே இருந்தார். அதற்குப் பிறகு அவர் ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. மீற்றர் பார்க்கிற பெடியன் வந்தான், வாசிப்பை எழுதினான், வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றான், போய்விட்டான். முருங்கைக்காய் மரத்திலேயே முற்றி வெடித்தது.

மழைக்கு முன்னம் கஜரூபனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். விமானம் ஓட்டுகிற உரிமை போய்விட்டது. நடப்பானா என்பதைக் கொழும்பில் இன்னொரு ஒப்பரேசன் செய்த பிறகுதான் சொல்லலாமாம். அதற்குப் பிறகு வழக்கு. தன் வாயால் சொன்னதை அங்கேயும் மாற்றமாட்டேன் என்று தகப்பனிடம் சொல்லிவிட்டான். ஒப்பரேசனுக்குப் போகிற நாளன்று வானின் பின் இருக்கைகளைக் கழற்றி மெத்தை போட்டு அவனைக் கிடத்தினார்கள். கதிர்காமு அண்ணை முன்னால் ஏறினார். வெளிக்கிட்டால் எப்போது திரும்புவான், எப்படித் திரும்புவான், தீர்ப்பில் மறியலுக்குள் அடைபடுவானா என்று ஒருவருக்கும் தெரியாது. அதை ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவும் இல்லை.

அக்கா வானின் கதவடியில் நின்றார். கைகள் சும்மா தொங்கின. கஜரூபன் அந்தக் கைகளைப் பார்த்தான்.

“அம்மா, வெறுங்கையோடயோ அனுப்புறியள்?”

அக்கா கைகளைச் சீலைக்குள் மறைத்தார்.

“ஏதாவது தாங்கோ. காயச்சரக்குத் தூள் கொஞ்சம் மிஞ்சிக் கிடக்குமெல்லே, அதில ஒரு சரை தாங்கோ. எனக்கும் உடம்பு தேற வேணும்தானே.” சிரிக்கப் பார்த்தான்.

அக்கா வீட்டுக்குள் ஓடினார். நாங்கள் காத்து நின்றோம். சாரதி இயந்திரத்தை முடுக்கினான். குறித்த நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்றான். அண்ணை இரண்டு தரம் கூப்பிட்டார். வானின் கோனை அடித்தார்கள். ஆள் வரவில்லை. “நான் பாக்கிறன்” என்று சொல்லிக்கொண்டு நான் உள்ளே போனேன்.

குசினிக்குள் நின்றார். கடதாசியில் மடித்த ஒரு சின்னச் சரை, உள்ளங்கைக்குள் அடங்கும். அதைத் தராசின் கொழுக்கியில் நூலால் கட்டித் தொங்கவிட்டு, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். முள் அசையவில்லை. அந்தத் தராசுக்கு அவ்வளவு சின்ன நிறை தெரியாது. அதை இறக்கிச் சரையைப் பிரித்து, ஒரு நுள்ளுத் தூளை வெளியே எடுத்துவிட்டு, மறுபடி மடித்துக் கட்டித் தூக்கினார்.

“அக்கா, அது பாரமில்லை. குடுங்கோ, நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்.”

“பொறும் கோசலா. சரியா நிறுக்க வேணும்.”

மறுபடி இறக்கினார். இன்னொரு நுள்ளை எடுத்தார், பிறகு இன்னொன்றை, அதன் பிறகும் இன்னொன்றை. வெளியே வான் புறப்பட்டுப் படலையைத் தாண்டுகிற சத்தம் கேட்டது. நான் மறிக்கவென்று குசினி வாசல்வரை ஓடித் திரும்பினேன். அக்கா முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இப்ப சரியோ, பாரும்” என்றார்.

கடதாசிக்குள் ஒன்றுமே இருக்கவில்லை.